குமரவேல் அண்ணன் ஊதிவிட்ட குங்குமம்

குமரவேல் அண்ணன் இறந்த செய்தி எனக்கு ஒரு பேனர் ஆர்டராகத்தான் வந்தது. காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரை அப்போதுதான் போட்டிருந்தேன். போனில் அவருடைய போட்டோ ஒன்று வந்தது, அதன் கீழே ஒரு குரல் பதிவு. எங்கள் வீடியோக்காரர்கள் சங்கத்துச் செயலாளர் பேசியிருந்தார். "ஸ்டெல்லா, நம்ம கம்ப்யூட்டர் சர்வீஸ் குமரவேல் தவறிட்டாரும்மா. நெஞ்சு வலின்னு சொல்றாங்க. மத்தியானத்துக்குள்ள ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் வேணும். வாசகம் நீயே நல்லதா பாத்துப் போட்டுக்க." குமரவேலைப் பற்றி நல்லதாகப் பார்த்துப் போட இந்த மாவட்டத்தில் செயலாளருக்கு வேறு ஆளே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

பேனர் போட்டேன். தொழில் வேறு, மனசு வேறு. பேரும் போட்டோவும் 'கண்ணீர் அஞ்சலி'யும் மட்டும் வைத்து அனுப்பினால், "என்னம்மா, மொட்டையா இருக்கு?" என்று திரும்பி வந்தது. பிறகு சங்கத்திலிருந்தே ஒரு வாசகம் வந்தது: 'நேர்மையின் நிறைகுடமே.' நான் டைப் அடித்தேன். எழுத்து அளவைக் கொஞ்சம் சின்னதாக வைத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. இப்போது சங்கத்து மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்கிறார்கள். ஆளாளுக்கு நழுவிவிட்டார்கள். நான் எழுதுகிறேன் என்றதும் செயலாளருக்கு ஒரே சந்தோஷம். படித்த பிறகு என்ன சொல்வாரோ தெரியாது.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அவர் கேள்வியும் தெரியும். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று யார் கூப்பிட்டாலும் வருவார். மழையோ வெயிலோ, வண்டியில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்துவிடுவார், அதில் குறை சொல்ல மாட்டேன். வந்தவர் மிஷினைப் பார்க்கமாட்டார். ஆளைப் பார்ப்பார். பெரிய மனிதர்களாக இருந்தால், "நீங்க என்னங்க பண்ணீங்க?" என்பார். என் மாதிரி சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவளாக இருந்தால், "நீ என்னம்மா பண்ண?" 'ஒண்ணும் பண்ணலீங்க, தானா நின்னுடுச்சு' என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "மிஷினு தானா எதுவும் பண்ணாதுங்க. மனுசந்தான் பண்ணுவான்" என்று ஆரம்பித்துவிடுவார்.

வத்தல்மலைக்கு மானிட்டரை முதுகில் கட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுத்தார் என்று சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் உருகி உருகி எழுதுகிறார்கள். உண்மைதான். ஆண்டு விழாப் படம் எடுக்க நானும் அன்று அங்கே போயிருந்தேன், கண்ணால் பார்த்தேன். அங்கிருந்த டீச்சரை அவர் கேட்ட கேள்வியையும் காதால் கேட்டேன். அந்தம்மா, "நான் தொடவே இல்லீங்க சார்" என்று கண்ணில் தண்ணி வைத்துக்கொண்டு நின்றார். இவர் கேபினட்டைக் கழற்றினார், அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே போனார், பிரஷ்ஷால் தட்டினார், உள்ளே கொண்டுவந்து மாட்டினார். ஓடியது. "ஆயிடுச்சுங்க. இனிமே பாத்து யூஸ் பண்ணுங்க" என்றார். நான் வெளியே போய்ப் பார்த்தால் தரையெல்லாம் எறும்பு. உள்ளே கூடு வைத்திருக்கிறது.

மலை இறங்கும்போது கேட்டேன். "எறும்புதான்னு டீச்சர்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணா?" அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சொன்னா அடுத்த தடவ பயமில்லாம இருப்பாங்க" என்றார். அந்த டீச்சர் இன்றைக்கும் தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

எனக்கு நடந்தது இனிதான்.

அப்போது நான் தருமபுரி டவுனில் ஒரு ஸ்டுடியோவில் வீடியோ எடிட்டராக இருந்தேன். கல்யாணத்துக்குக் கல்யாணம் படம் எடுத்து வந்து கொட்டுவார்கள், வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு ஒரே படமாக வெளியே எடுத்துக் கொடுப்பது என் வேலை. கம்ப்யூட்டருக்குள் இருந்து படத்தை ஓட்டுகிற வீடியோ கார்டு பழசாகித் திணறிக்கொண்டிருந்தது. ஓனர் பெரிய மனசு பண்ணிப் புதுக் கார்டு ஒன்று வாங்கினார். சரியாக ஆயுத பூசைக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. "பூசையில வெச்சிட்டே மாட்டிக்கலாம்" என்றார் ஓனர். கேமரா, லென்ஸ், ஸ்டாண்டு, பிரிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நான் கோயிலுக்குப் போகிறவள் இல்லை, சர்ச்சுக்குப் போகிறவள், ஆனாலும் பொரிகடலை சாப்பிட முதல் ஆளாக நின்றேன். அதனால் எல்லாம் கண்ணெதிரே நடந்தது. கார்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வாழை இலையில் வைத்தவர் குமரவேல் அண்ணன். அதற்கு எங்கே பொட்டு வைப்பது? மேலே முழுக்க விசிறி. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைக் கீழ் விளிம்பு ஓரமாக மூன்று இடத்தில் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். மறுநாள் வந்து, காய்ந்திருந்ததைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்டு, கார்டை மாட்டி, கேபினட்டை மூடித் திருகினார்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. புதுக் கார்டு பழையதைவிட மெதுவாக ஓடியது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் பச்சைப் பச்சையாய்க் கட்டம் விழும், மறையும். சில நேரம் கோடு கோடாகக் கிழியும். சில நேரம் எடிட்டிங் சாப்ட்வேரே மூடிக்கொள்ளும். அண்ணனுக்குப் போன் போட்டேன். "நீ என்னம்மா பண்ண?"

நான் ஒன்றும் பண்ணவில்லை என்று நிரூபிக்க நான் என்னென்னவோ பண்ணவேண்டியிருந்தது. மானிட்டர் ஒயர் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். கார்டில்தான் இருந்தது. கார்டையும் விண்டோஸையும் பேச வைக்கிற டிரைவர் என்ற சாப்ட்வேர், பழைய கார்டினுடையது மிச்சம் இருந்தால் இப்படி மக்கர் பண்ணும் என்று படித்தேன். அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். சூடு ஏறுகிறதா என்று பார்த்தேன், ஏறவில்லை. கடைசியில் கார்டின் வேகத்தைக் காட்டும் ஒரு சின்னச் சாப்ட்வேரை இறக்கிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே பதினாறு பாதை திறந்திருக்க வேண்டும், ஒன்றே ஒன்றுதான் திறந்திருக்கிறது என்று அது காட்டியது. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்த நாள் மாதிரி, எல்லாம் ஒரே பாதையில் நகர்ந்துகொண்டிருந்தது. இதைச் சொன்னால் அண்ணன் சிரிக்கிறார். "நெட்டுல படிச்சிட்டு டாக்டர்கிட்டயே வைத்தியம் சொல்ற. கார்டு புதுசும்மா. நீ போட்டு வெச்சிருக்கிற கண்ட கண்ட எபெக்ட்டால வர்ற வினை."

இதற்கு நடுவில் இண்டூர்க் கல்யாணம் ஒன்றின் வீடியோவை வெளியே எடுத்திருந்தேன். ஒரு தடவை முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். அவர்கள் நச்சரிக்கிறார்கள் என்று ஓனர் பென்டிரைவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கொடுத்தனுப்பிவிட்டார்.

பெண்ணின் அம்மா மறுநாளே ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். நிலபுலம் உள்ள குடும்பம், சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டி உட்கார வைத்து டிவியில் போட்டிருக்கிறார்கள். தாலி ஏறுகிற நேரத்தில் மணப்பெண் முகத்தையும் கழுத்தையும் மறைத்துக்கொண்டு ஒரு பச்சைக் கட்டம் வந்து நின்றிருக்கிறது. அந்தம்மா நேராக என்னிடம்தான் வந்தார். "வேற எங்கியும் உழாம எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறுற எடத்துல மட்டும் எப்படி உழுந்துச்சு? உனக்கு ஆவலைன்னா அதுக்கு எம்பொண்ணு என்ன பண்ணுவா?" எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. அது அந்தம்மாவுக்கு யார் சொல்லித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த நேரத்தில் குமரவேல் அண்ணன் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். ஓனர் அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். 'மிஷின்ல ஏதோ கோளாறு இருக்கு, பாக்கறேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொன்னது இது: "மிஷினு பக்காவா இருக்குதுங்க. அவங்க கைவேலதான்."

அன்றைக்கு வந்த கோபம்தான் எனக்கு வழி காட்டியது. கேபினட்டைத் திறக்க அந்த ஸ்டுடியோவில் அவர் ஒருத்தருக்குத்தான் உரிமை. ஓனர் மண்டபத்துக்குப் போன சமயம் பார்த்து நான் திருகாணியைக் கழற்றினேன். போகிற வேலை எப்படியும் போகப்போகிறது, பார்த்துவிட்டே போகலாம் என்றிருந்தது. கார்டை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். மதர்போர்டுக்குள் போய் உட்காருகிற விளிம்பில் வரிசையாகத் தங்க நிறத்தில் பல் இருக்கும். அந்தப் பல் மேலெல்லாம் காவி நிறத்தில் ஒரு தீற்றல், அங்கங்கே சிவப்பு. மோந்து பார்த்தேன். பன்னீர் வாசம் வந்தது.

ஓனரையும் அவரையும் வரச்சொல்லி, கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "சந்தனம் வெச்சது நீங்க. தொடச்சேன்னு பல்லு மேல இழுத்து உட்டதும் நீங்க. இத அந்த இண்டூர் அம்மாகிட்ட வந்து சொல்லுங்கண்ணா." அண்ணன் கார்டை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். பையிலிருந்து பென்சில் அழிக்கிற ரப்பரை எடுத்து, அந்தத் தங்கப் பல்லை நிதானமாகத் தேய்த்தார். ரப்பர்த் தூள் சிவப்புச் சிவப்பாய் என் மேஜைமேல் விழுந்தது. தேய்த்து முடித்துக் கார்டை மாட்டினார். பதினாறு பாதையும் திறந்துகொண்டது. படம் வழுக்கிக்கொண்டு ஓடியது, ஒரு கட்டம் இல்லை, ஒரு கோடு இல்லை.

"என்ன குமரவேலு, என்னதான் பிரச்சன?" என்றார் ஓனர்.

அண்ணன் குனிந்து மேஜைமேல் இருந்த சிவப்புத் தூளை வாயால் ஊதிவிட்டார். "கார்டு சரியா உக்காரலீங்க. யாரோ தெறந்து நோண்டியிருக்காங்க" என்றார்.

திறந்தது நான்தானே. அதை நானே என் வாயால் சொல்லிக்கொண்டுதானே நிற்கிறேன். ஓனருக்கு அது போதுமானதாக இருந்தது. பூசையில் வைத்த சந்தனத்தால் கெட்டது என்று ஒப்புக்கொள்வதைவிட, இந்தப் பெண் நோண்டிக் கெடுத்தாள் என்று நம்புவது அவருக்குச் சுலபம். நான் அந்தக் கல்யாண வீடியோவை மறுபடியும் மிஷினில் ஓட்டி வெளியே எடுத்துக் கொடுத்தேன், கண்ணாடி மாதிரி வந்தது. அதை இண்டூருக்குக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தவரும் குமரவேல் அண்ணன்தான். அவர்தான் சரிசெய்தார் என்று அந்த வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அவர் மறுத்ததாகத் தகவல் இல்லை.

அந்த மாதத்தோடு வேலையை விட்டேன். நல்லம்பள்ளியில் சொந்தமாக இந்தக் கடையைப் போட்டேன். பேனர், பாஸ்போர்ட் போட்டோ, காதுகுத்துப் பத்திரிகை, எல்லாம் வரும். கல்யாண வீடியோ மட்டும் வராது. விசாரித்துவிட்டுப் போகிறவர்கள் திரும்ப வரமாட்டார்கள். 'அந்தப் பொண்ணு கை ராசியில்லீங்க' என்று இண்டூரிலிருந்து கிளம்பிய பேச்சு எனக்கு முன்னால் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. நான் நன்றாகச் செய்கிற ஒரே வேலை அது. இத்தனை வருடமாக அதைச் செய்யாமல் இருக்கிறேன். குமரவேல் அண்ணன் என் கடை வாசல் வழியாகத்தான் தினமும் டவுனுக்குப் போவார். தலையை ஆட்டுவார். நான் ஆட்டமாட்டேன்.

பேனரைக் கொடுத்த கையோடு அவர் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனாய் என்று கேட்காதீர்கள், போகாமல் இருக்க முடியவில்லை. பந்தல் போட்டிருந்தார்கள். குளிர்பெட்டிக்குள் அவர் படுத்திருந்தார். தலைமாட்டில் என் பேனர், நேர்மையின் நிறைகுடமே. பெண்கள் பக்கம் பின்வரிசையில் உட்கார்ந்தேன். முன்னால், அவர் மனைவி சாந்தி அக்கா பக்கத்தில், இண்டூர் அம்மா உட்கார்ந்திருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. சாந்தி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். "எம்பொண்ணு கல்யாண வீடியோவ ஒருத்தி கெடுத்து வெச்சிட்டா. இவுருதான் சரிபண்ணி வூட்டுக்கே கொண்டாந்து குடுத்தாரு. அந்த மனசு யாருக்கு வரும்?"

சாந்தி அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அதத்தாங்க சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாரு. ஆயுத பூசைக்கு எங்க வூட்டு மிஷினுக்கு வெளியில மட்டுந்தான் பொட்டு வெக்கணும். உள்ளார கை வெச்சா கத்துவாரு. 'நான் கார்டுக்குப் பொட்டு வெச்சுத்தாண்டி அந்த வீடியோ கெட்டுப்போச்சு, பழி அந்தப் பொண்ணு மேல போயிருச்சு, பாவம்'னு வருசா வருசம் சொல்லுவாரு. உங்க வூட்டு வீடியோவா அது?"

இண்டூர் அம்மா பிடித்திருந்த கையை விட்டுவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். நான் எழுந்து நின்றேன். "நாந்தாங்க அந்தப் பொண்ணு."

சாந்தி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாவம், அந்த நிலைமையிலும் அவருக்கு என்னைப் பார்த்ததில் ஏதோ பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. "நீயாம்மா? உன்னப் பாத்து ஒரு வார்த்த சொல்லணும்னு சொல்லிட்டே இருந்தாரே. வந்தாரா?"

"வரலீங்க" என்றேன்.

வருடா வருடம் வீட்டில் சொல்லியிருக்கிறார். தினமும் என் கடை வாசலைத் தாண்டிப் போயிருக்கிறார். வண்டியை நிறுத்தி இறங்கி ஓரெட்டு வைத்தால் வந்துவிடுகிற தூரம். தூளை ஊதியதோடு அதை மறந்திருப்பார், பழி என்மேல் விழுந்தது அவருக்கு உறைத்திருக்காது என்று நினைத்திருந்தவரைக்கும் எனக்கு அவர்மேல் கோபம்தான் இருந்தது. மறக்காமலே இருந்திருக்கிறார் என்றபோது கோபம் போதவில்லை. குளிர்பெட்டிப் பக்கம் போனேன். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து அவர் கேள்வியை அவரிடமே கேட்டேன். "நீங்க என்னண்ணா பண்ணீங்க?"

வெளியே வந்து குழாயில் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது இண்டூர் அம்மா பின்னாலேயே வந்தார். "ஏம்மா, இத நீ அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"சொன்னேங்க. கேக்கத்தான் ஆளில்ல" என்றேன்.

இந்த மாதிரிப் பக்கத்தின் கடைசியில், போனவரிடமிருந்து நாம் எதை எடுத்துக்கொண்டோம் என்று எழுதுவது வழக்கம். நானும் எழுதுகிறேன். கார்டின் பல்லை ரப்பரால் தேய்க்கிற வேலை அவரிடம் பார்த்துக் கற்றதுதான், என் கடை மிஷினுக்கு அப்படித்தான் செய்கிறேன். செய்துவிட்டுத் தூளை ஊதமாட்டேன், துணியில் துடைத்து எடுப்பேன். அவர் கேள்வியை என்னிடம் வேலை செய்கிறவர்களிடம் கேட்பதில்லை, முதலில் கேபினட்டைத் திறந்துவிடுவேன். இதெல்லாம் போக, இன்னொன்று இருக்கிறது. 'நான் பொட்டு வெச்சுத்தாண்டி அந்த வீடியோ கெட்டுப்போச்சு' என்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம். அது என்னுடையது. எனக்கு வரவேண்டியது சுற்றி வளைத்து, அவர் மனைவி வாய் வழியாக, அவர் பிணத்தை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. இண்டூர் அம்மா காதில் விழுந்துவிட்டது, இனி இதைப் படிக்கிற உங்களுக்கும் தெரியும், அதனால் என் பேர் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதை அவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து என் கடை வாசலில் நின்று சொல்லியிருந்தால், அன்றைக்கு அந்தப் பந்தலில் நானும் அழுதிருப்பேன்.